காயாத கோட்டு

“கோட்டு காயுற வரைக்கும் இருக்கட்டும். காஞ்சதும் புறப்படச் சொல்லு அவனை.”

கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார் தாணுமாலயன். சொன்னது மனைவி சொர்ணம்மாளிடம். கேட்க வேண்டியவன் நடைவாசலில் சொட்டச் சொட்ட நனைந்து நின்றான்.

இரண்டு வருஷம் கழித்து வீட்டுக்கு வந்திருக்கும் ஒரே மகன் அழகியநம்பி. சாலைக் கடைத்தெருவில் மிளகும் சுக்கும் விற்கும் அப்பாவின் மலஞ்சரக்குக் கடையில் உட்கார மாட்டேன் என்று சொல்லி, மலையில் வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தவன். போதாக்குறைக்கு ஒரு மோட்டார் சைக்கிளும் வாங்கிவிட்டான். “அந்தச் சனியனை ஓட்டிட்டு இந்த நடையை மிதிக்காதே” என்றார் அப்பா. “நான் எதுக்கு மிதிக்கேன்” என்று போனான் மகன். இறங்கி வருவதென்றால் இரண்டு பேருக்குமே உயிர் போய்விடும். நடுவில் கிடந்து தவித்தவள் சொர்ணம்மாள்தான்.

“வித்துரா ரோட்டுல பெருமழைம்மா,” என்றான் நம்பி, கூடம் வரைக்கும் கேட்கும்படியாக. “எஸ்டேட் சோலியா வந்தேன். இதைக் காயப்போட்டு எடுத்துட்டுப் போயிருவேன்.”

“மலையில பெய்யும் மக்கா. உள்ள வா.”

வலியசாலைத் தெருவில் என்னவோ மீன மாசத்து வெயில் கண்ணைப் பறித்தது. தாணுமாலயன் எழுந்து வாசலுக்கு வந்தார். மகனைப் பார்க்கவில்லை. செம்மண் தூசி அப்பிக் கிடந்த மோட்டார் சைக்கிளைத்தான் மேலும் கீழும் வெகுநேரம் பார்த்தார். பார்வையாலேயே எரித்துவிடுவாரோ என்று சொர்ணம்மாளுக்குப் பயம். அவர் உள்ளே போய் மறுபடியும் பேப்பரை விரித்தார்.

யுத்தம் முடிந்ததும் ஏலத்தில் விட்ட பட்டாளத்துக் கம்பளிக் கோட்டு அது. பிழியப் பிழியத் தண்ணீர் வந்தது. சொர்ணம்மாள் அதைப் புறவாசலில் பலா மரத்தடியில், நல்ல நிழலாகப் பார்த்துக் கொடியில் போட்டாள். தோல் கையுறைகளை ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். எந்த வேலையையும் ஓட்டமாய் ஓடிச் செய்கிறவளுக்கு இன்றைக்கு அவசரமே இல்லை.

“எங்க போட்டிருக்கே?” கூடத்திலிருந்து குரல் வந்தது.

“பலா மூட்டுல.”

“நிழல்ல கெடந்தா எண்ணைக்குக் காயும்? வெயில்ல போடு.”

பெற்ற பிள்ளையை விரட்ட வெயிலையும் துணைக்குக் கூப்பிடுகிறாரே இந்த மனுஷன். கோட்டை எடுத்து வெயிலில் போட்டுவிட்டு வந்து, சமையலை இழுத்தடித்து, உச்சி சாய்ந்து வெகுநேரம் கழித்துத்தான் மகனுக்கு இலை போட்டாள்.

“தீயல் இன்னும் கொஞ்சம் விடட்டா மக்கா?”

“விடுங்கம்மா. அங்க எவன் வைக்கான் தீயலு?”

நம்பி ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிட்டான். கண் அடிக்கடி கூடத்துக்குப் போய் வந்தது. அங்கே பேப்பரில் ஒரு பக்கம்கூடப் புரளவில்லை.

அவன் கை கழுவியதும் கேள்வி வந்தது. “காஞ்சுதா?”

“இல்ல. காலர்ல ஈரம் நிக்கு,” என்றாள் சொர்ணம்மாள். அவள் கோட்டின் பக்கமே போகவில்லை.

“நான் வந்து பாக்கேன்.”

போச்சு என்று நினைத்தாள். சுக்கோ மிளகோ, தாணுமாலயன் விரலால் நிமிண்டிப் பார்த்து, “காய்ச்சல் போதாது” என்று சொல்லிவிட்டால், வந்த வண்டி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். சாலைக் கடைத்தெருவில் அந்தக் கைக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. அந்தக் கையிடம் எந்தப் பொய் நிற்கும்?

அந்த நேரம் பார்த்து லாரிக்காரன் திரவியம் வாசலில் வந்து நின்றான்.

“அண்ணாச்சி, மிளகு வந்திருக்கு. கடைச் சாவி வேணும்.” நம்பியைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. “தம்பியும் வந்தாச்சா? நானும் வித்துராவுலேருந்துதான் வாறேன். ரோடு முழுக்கத் தூசி தம்பி, மூச்சு விட முடியல்ல. ஒரு பொட்டு மழை பெய்ஞ்சு பத்து நாளாச்சுல்லா.”

நம்பியின் காது சிவந்தது. சொர்ணம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டாள். இனி இவன் இந்த ஜென்மத்தில் இந்த வீட்டுக்கு வரப்போவதில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

“கோட்டைத் தாங்கம்மா. நான் போறேன்.”

“நில்லு.”

இரண்டு வருஷத்தில் அப்பா மகனிடம் பேசிய முதல் வார்த்தை அது. தாணுமாலயன் புறவாசலுக்கு நடந்தார். எல்லோரும் பின்னால் போனார்கள், சாவிக்குக் காத்திருந்த திரவியம் உட்பட. கோட்டின் காலரை விரலால் நிமிண்டினார். கைமடிப்பை நிமிண்டினார். உள்பக்கத்தைத் திருப்பி மோந்து பார்த்தார். அவசரமில்லாமல், சரக்குப் பார்க்கிற அதே நிதானம்.

“காய்ச்சல் போதாது,” என்றார்.

கோட்டைக் கொடியில் நேராக இழுத்துவிட்டார்.

“இதைப் போட்டுட்டு மலை ஏறினா சளி புடிக்கும். நாளைக்கும் வெயில் காட்டணும். இண்ணைக்கு இங்க கெடக்கட்டும்.”

“மழையே இல்லியே அண்ணாச்சி,” என்று திரவியம் இழுத்தான்.

“வித்துராவுல பெய்ஞ்சா என்ன, பெய்யாட்டா என்ன? எம் பிள்ள நனைஞ்சுல்லா வந்திருக்கான்.” சாவியை அவன் கையில் வைத்துவிட்டு, மகனின் தோளை இடித்துக்கொண்டே உள்ளே போனார்.

மறுபடியும் நிழலில் போட்டுவிடலாம் என்று சொர்ணம்மாள் கோட்டைக் கொடியிலிருந்து எடுத்தாள். காலர், கைமடிப்பு, உள்பக்கம் எல்லாம் சுக்காகக் காய்ந்திருந்தது.