ஈரக் கைப்பிடி

கருங்கடலோரத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் இரும்புப் படிக்கட்டு வெயிலில் பளபளக்கிறது. தலைமையகத்துப் பெரியவர் வருகிறார் என்று எங்கள் மேலாளர் ட்ராகோஷ் இன்று காலையில்தான் கைப்பிடிக்கு மஞ்சள் பெயிண்ட் அடிக்கவைத்தார். இன்னும் காயவில்லை. கைப்பிடியைப் பிடிக்காமல் படி இறங்குவது எங்கள் கம்பெனியில் பெருங்குற்றம். போன வாரம் அதற்காகவே ட்ராகோஷ் வெல்டர் வியோரிகாவை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துக் கிழித்தார். இப்போது உச்சிப்படியில் பெரியவர், அவருக்குப் பின்னால் ட்ராகோஷ். கீழே நாங்கள் அண்ணாந்து பார்க்கிறோம். "கம்பியப் பிடிச்சு இறங்குங்க சார்!" என்று வியோரிகா கத்துகிறாள். பெரியவர் சிரித்தபடி பிடிக்கிறார். உள்ளங்கை மஞ்சளாகிறது. ஒரு கணம் அதைப் பார்க்கிறார். ஆனாலும் பிடியை விடாமல் கீழே வந்து, திரும்பி மேலே பார்க்கிறார். ட்ராகோஷின் கைகள் இரண்டும் புதுக் கோட்டின் பைக்குள் இருக்கின்றன. "என்ன சார், சட்டம் எங்களுக்கு மட்டுந்தானா?" என்கிறாள் வியோரிகா. ட்ராகோஷின் வலது கை மெல்ல வெளியே வருகிறது.