எதிர்க் கட்டில்

தட்டு காலி. வாந்தி எடுக்காமல் முழுசாகச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்ட புருஷனைப் பார்த்ததும் தையல்காரிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

“பார்த்தியா, நீதான் சும்மா அழுதுட்டுக் கெடந்தே,” என்றார் அவர்.

எல்லாம் அவள் செய்த வேலை. அவருக்கு எங்கே தெரியும்?

நுரையீரல் வியாதிக்குப் புது மருந்தைச் சோதிக்கிற வார்டு அது. இதை விட்டால் வேறு கதியில்லை. பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். யாருக்கு எது என்று குலுக்கிப் போட்டு முடிவு செய்வார்கள், கொடுக்கிற டாக்டருக்கே தெரியாது. என்ன அநியாயம் இது! உயிர் போகிற வியாதிக்குக் குலுக்கலா?

எதிர்க் கட்டில் டிரைவர் நாளுக்கு நாள் தேறினார். “இந்த மாத்திரை எனக்கு ஒண்ணுமே பண்ணலம்மா, நல்லா பசிக்குது,” என்று வேறு சொன்னார். இவள் புருஷனோ மாத்திரையை விழுங்கிய கையோடு குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். நிஜ மருந்து யாருக்குப் போகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பா வேண்டும்?

இரண்டு பேரும் எக்ஸ்ரேவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, இரண்டு பேர் தலைமாட்டிலும் இருந்த டப்பா மாத்திரைகளை மாற்றிக் கொட்டிவிட்டாள்.

“மன்னிச்சிடுங்க அண்ணே. என் பிள்ளைங்களுக்கு அப்பா வேணும்,” என்று காலிக் கட்டிலிடம் முணுமுணுத்தாள்.

இப்போது வாளியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பது டிரைவர். ஐயோ, அந்த மனுஷனுக்குக் கிடைத்த மருந்தைப் பிடுங்கிவிட்டோமே என்று அவள் மருகினாள். அந்தப் பக்கம் திரும்பவே கூசினாள்.

அடுத்த வாரமே புருஷனுக்கு மூச்சு இரைத்தது, உதடு நீலம் பாய்ந்தது. என்ன மருந்து உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்தாக வேண்டிய கட்டாயத்தில், குலுக்கல் விவரம் வைத்திருக்கும் ஆபீசுக்கு டாக்டரம்மா போன் போட்டுக் கேட்கப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஓவென்று கதறியவளின் தோளை டாக்டரம்மா அணைத்துக்கொண்டார்.

“மாவு மாத்திரையைக் குடுத்து ஏமாத்திட்டோம்னு மட்டும் நினைக்காதீங்கம்மா.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்க வீட்டுக்காரருக்கு முதல் நாள்லேர்ந்தே நிஜ மருந்துதான்.”