கடைசி அறையின் முடிச்சு

நாக்கைப் பூட்டும் இரும்பு முகமூடியைப் பார்த்ததும் சம்பந்தி சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு ஒன்று எடுத்துப் போகலாமா என்று கேட்டார். கேட்ட கையோடு, வீட்டுக்காரி காதில் இதைப் போட்டுவிடாதீர்கள் என்று என் தோளையும் தட்டினார்.

இன்னும் சம்பந்தி ஆகவில்லை. கல்யாணத் தேதி குறித்தால்தான் ஆவார். போன வாரம் வீட்டுக்கு வந்தபோதே இருவரும் அப்படிக் கூப்பிடத் தொடங்கிவிட்டோம்.

அன்று என் மனைவி கொடுத்த டீயை நான் இரண்டு கையாலும் வாங்கினேன். பெண்டாட்டி தரும் டீக்கே இந்த மரியாதை என்றால், இந்த வீட்டில் தைரியமாகப் பெண் எடுக்கலாம் என்று அவர் மகனிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இன்று தேதி பேச என் வேலையிடத்துக்கே வந்துவிட்டார்.

அவர் என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டு வாருங்கள், அது போதும் என்று காலையில் மகள் என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டபடியே சொல்லியிருந்தாள். அந்தப் பையன் இல்லையென்றால் அவளுக்கு யாருமே வேண்டாம். அது எனக்கும் தெரியும்.

பழைய சிறைச்சாலை இது. இப்போது அருங்காட்சியகம் ஆக்குகிறார்கள். மனுஷனை மனுஷன் எப்படியெல்லாம் வதைத்தான், தண்டித்தான் என்று காலவாரியாக, அறை அறையாக வைத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் திறப்பு. சாமான் இறக்குவதும் துடைப்பதும் என்னைப் போன்றவர்களின் வேலை.

ஒவ்வொரு பொருளின் முன்னாலும் இருந்த அட்டையை அவருக்கு எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினேன். தலை நரைத்த பிறகு கற்ற எழுத்து. காலை மாட்டி வெயிலில் உட்காரவைக்கும் தொழுமரத்தின் பெயரில் கொஞ்சம் தடுக்கினேன். அவர் எடுத்துக்கொடுக்கவில்லை. நான் கரையேறும்வரை பொறுமையாக நின்றார். அந்தக் குணம் எனக்குப் பிடித்திருந்தது.

முதல் அறையின் இரும்புக் கூண்டை இறக்கும்போது ஏழெட்டுப் பேருக்கு முதுகு ஒடிந்தது. தொழுமரத்துக்கு இரண்டு பேர் போதும். கட்டைவிரல் நசுக்கும் திருகாணியை ஒருவரே எடுத்துப் போனார். காலம் இந்தப் பக்கம் வர வர, சாமானின் கனம் குறைந்துகொண்டே வந்தது. சுமக்கிறவனுக்கு அதுதான் முதலில் தெரியும்.

கடைசி அறையின் சாமான்களை நான் தனியாக, தோளில் போட்டு ஒரே நடையில் கொண்டுவந்துவிட்டேன்.

ஒரு மர நாற்காலி. ஒரு வாளி. ஒரு துண்டு. கொஞ்சம் கயிறு.

எந்த வீட்டிலும் இருப்பவை. அட்டையில் அண்மைக் காலம் என்று மட்டும் போட்டிருந்தது.

நாற்காலியில் ஒரு மரப்பொம்மையை உட்காரவைத்து, கைகளைப் பின்னால் கட்டச் சொல்லியிருந்தார்கள். கட்டியது நான்தான். மூட்டைக்குக் கட்டுவதுபோல் சுற்றிச் சுற்றி, பல்லால் இழுத்து இறுக்கியிருந்தேன். மேலதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று போய்விட்டார்.

இந்த அறையில் சம்பந்தி வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. நான் அட்டையைப் படிக்கும்வரை நிற்கவும் இல்லை. நேராகப் பொம்மையின் பின்னால் போனார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். சுவரில் படம் கோணலாகத் தொங்கினால் கை தானாகப் போய் நிமிர்த்துமே, அப்படித்தான் அவர் கை போனது.

"இப்படிக் கட்டினா சீக்கிரம் மரத்துப் போயிடும், சம்பந்தி. அப்புறம் வலி தெரியாது."

என் முடிச்சை அவிழ்த்தார். கயிற்றை வேறு விதமாகச் சுற்றினார். ஷூ லேஸ் கட்டுகிறவரைப் போல, கண்ணை எங்கோ ஜன்னலில் வைத்துக்கொண்டு.

அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்றுதான் சொல்லியிருந்தார். எந்த இலாகா என்று நாங்களும் கேட்கவில்லை.

கட்டி முடித்ததும் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது கட்டு சரியாக இருந்தது. சரியானது எது என்று தெரிந்துதான் நான் தப்பாகக் கட்டியிருந்தேன். வெறும் மரம்தான். இருந்தாலும் மனசு வரவில்லை.

கேன்டீன் அம்மா இரண்டு டம்ளர் டீயை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போனார்.

வழக்கம்போல் இரண்டு கையாலும் எடுத்தேன்.

இந்தத் தடவை அவர் மரியாதை என்று எதுவும் சொல்லவில்லை. என் வலது கையைப் பார்த்தார். டம்ளரை வளைத்துப் பிடிக்காமல், ஒட்டவைத்ததுபோல் விறைத்து நீண்டிருந்த விரல்களைப் பார்த்தார். பொம்மையின் கையைப் பார்த்தார். மறுபடியும் என் கையைப் பார்த்தார்.

அவருடைய டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

கூலி உயர்வு கேட்டு மில் வாசலில் உட்கார்ந்த எங்களைப் போலீஸ் வண்டியில் அள்ளிக்கொண்டு போன நாளில், என்னைக் கட்டியவரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பின்னால் நின்றுதான் கட்டுவார்கள்.

வெளியே யாரோ ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. அது நின்றதும் சம்பந்தி டம்ளரைத் திட்டில் வைத்தார்.

"பையனுக்கு எதுவும் தெரியாது."

மகள் சின்னவளாக இருந்தபோது, கை ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். மில் இயந்திரத்தில் மாட்டிக்கொண்டது என்று சொல்லிவைத்தேன். இன்றைக்கும் ஏதாவது இயந்திரம் ஓடும் இடத்தைக் கடந்து போனால், அவள் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொள்வாள்.

"எம் பொண்ணுக்கும் தெரியாது," என்றேன்.

டீ ஆறுவதற்குள் தேதியைக் குறித்துவிட்டோம்.