திரை தெரிந்தால் சம்மதம்

“அஞ்சு மணி வரைக்கும் டைம். அதுக்குள்ள ஸ்க்ரீன் சரியாகலேன்னா என் பொண்ணை மறந்துடுங்க.”

சொன்னவர் பெண்ணின் அப்பா. சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பெண் கேட்டு வந்த பல் டாக்டர் கம்ப்யூட்டர் எதிரே மாட்டிக்கொண்டு முழித்தான்.

எல்லாம் அவன் வாயால் வந்த வினை. “அப்பாவுக்குக் கம்ப்யூட்டர்ல லினக்ஸ் சிஸ்டம்னா உயிர். தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லிடு, போதும்” என்று காதலி சொல்லி அனுப்பியிருந்தாள். இவன் ஒரு வார்த்தையோடு நிறுத்தினானா? “எனக்கு அது தண்ணி பட்ட பாடு அங்கிள்” என்று அளந்துவிட்டான்.

திரையில் ஐகான்கள் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு உப்பிக் கிடந்தன. மெனுவில் பாதியைக் காணவே காணோம்.

“கிராபிக்ஸ் கார்டோட டிரைவர், ஸ்க்ரீனை இயக்குற சாஃப்ட்வேர், லோட் ஆகல, அதான் இந்தக் கோலம்” என்றார் அப்பா. “என்ன ராசியோ தெரியல, யாராவது பொண்ணு கேட்டு வர்ற அன்னிக்குன்னு பார்த்து இது படுத்துக்குது. உங்களுக்கு முன்னாடி மூணு பேர் வந்தாங்க. ஒவ்வொருத்தனும் பத்தே நிமிஷத்துல சரி பண்ணிட்டான். விரல் கீபோர்டுல நிக்கவே இல்ல! ஏனோ அப்புறம் ஒருத்தனும் திரும்பி வரல.”

பல் டாக்டர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான். மடியில் மறைத்த செல்போனில் தேடி, கண்ணில் பட்ட முதல் கட்டளையை எழுத்து எழுத்தாகப் பார்த்து அடித்தான். வரிகள் மளமளவென்று ஓடின. அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

“பலே! ரீஸ்டார்ட் பண்ணுங்க!”

பண்ணினான். தட்டுகளும் போயின. கும்மிருட்டுத் திரையின் மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் விட்டு விட்டு மின்னியது.

“அடப்பாவி! ஒழுங்கா இருந்ததையும் சேர்த்துத் தூக்கிட்டீங்களே!”

அம்மா வாசற்படியில் வந்து நின்றாள். “ஏங்க, டீ ஆறுது.”

“இரு, இதோ” என்றார் அப்பா, திரும்பாமலே.

அம்மா கறுத்துக் கிடந்த திரையைப் பார்த்தாள். “அவசரமில்ல தம்பி, மெதுவாப் பாருங்க” என்றாள். என்ன குஷியோ, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள். கதவோரம் நின்ற பெண் மட்டும் நகத்தைக் கடித்துத் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னும் நாலு கட்டளை அடித்தான். அந்தக் கோடும் அணைந்தது. மணி அஞ்சாகப் பத்து நிமிஷம். பல் டாக்டர் எழுந்து நின்றான்.

“மன்னிச்சுடுங்க அங்கிள். எனக்கு இது சுத்தமாத் தெரியாது. பல்லு பிடுங்கத்தான் தெரியும். இன்னும் தொட்டா மிச்சத்தையும் பிடுங்கிடுவேன். உங்க பொண்ணு இல்லாம என்னால முடியாது, அதான் பொய் சொல்லிட்டேன்.”

அப்பா துள்ளி எழுந்தார். “இந்தாடி, இங்க வா! இந்தப் பித்தலாட்டக்காரனுக்கா நம்ம பொண்ணு?”

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “ஆமா, இவருக்குத்தான். இந்த மாசமே கல்யாணத்தை முடிச்சுடலாம்.”

“உனக்கு என்ன கிறுக்கா? ஸ்க்ரீனையே சாகடிச்சிருக்கான்!”

“அதனாலதான் சொல்றேன். ஒவ்வொரு தடவையும் அந்த டிரைவரைக் கழட்டி விட்டது நான். சரி பண்ணின மூணு பேரையும் வேண்டாம்னு சொல்லி அனுப்பினதும் நான்தான்.”

பெண் வாயைப் பிளந்தாள். “நீயா? ஏம்மா?”

அம்மா மகள் பக்கம் திரும்பினாள்.

“முப்பது வருஷமா நான் இவர் முதுகோடதான் பேசிக்கிட்டிருக்கேன். நீயாவது புருஷன் முகத்தைப் பார்த்துப் பேசு.”