தலைநகருக்குப் போன மலை ஜீப்

மலைக்கு ரோடு கேட்டு வரச் சொல்லி, மற்ற ஜீப்புகள் எல்லாம் சேர்ந்து சின்ன ஜீப்பைத் தலைநகருக்கு அனுப்பின. நாற்கரச் சாலையில் அதன் முரட்டு டயர்கள் ஓவென்று இரைந்தன.

“என்னய்யா இரைச்சல், மாவு மில்லையே ஓட்டிட்டு வர்றியா?” என்று சொகுசுக் கார்கள் சிரித்தன. ஜீப் கூனிக் குறுகிப்போனது.

போகப் போகத் தார்ச்சாலை டயரைத் தேய்த்தது. இரைச்சல் அடங்கியது.

“அண்ணே, நான் வழவழன்னு ஆயிட்டேன். இனி சேத்துல பிடிக்க மாட்டேன்,” என்றது டயர்.

“வாயை மூடிட்டு வா. இப்பதான் நம்மளையும் மதிக்கிறாங்க,” என்றது ஜீப்.

தலைநகரிலிருந்து திரும்பி வந்தபோது அடிவாரத்து முதல் ஏற்றத்திலேயே சக்கரம் வழுக்கியது.

“தோழரே, ரோடு வருமா?” என்று மேலேயிருந்து கூட்டாளிகள் கூவின.

ஜீப் பின்வாங்கித் தார்ச்சாலையில் நின்றுகொண்டது.

“இங்கே ரோடு நல்லாத்தானே இருக்கு? நீங்க எதுக்கு இன்னும் அங்கேயே கிடக்கறீங்க?”