பாராட்டுரையில் ஒரு வரி

மேடைக்குப் பின்னாலிருந்த சிறிய அறையில், எனக்கான பாராட்டுரையை என்னிடமே நீட்டிப் பிழை இருந்தால் திருத்தச் சொன்னார் பழைய மாணவர் சங்கச் செயலர். பேனாவையும் அவரே மூடி கழற்றிக் கொடுத்தார்.

நான் படித்த பல்கலைக்கழகம், இந்த ஆண்டின் சிறந்த பொறியாளர் விருதை எனக்குத் தருகிறது.

திரைச்சீலை இடுக்கில் என் கணவர் தெரிந்தார். முதல் வரிசையில் உட்கார்ந்து, வெறும் மேடையைப் படமெடுத்துப் பழகிக்கொண்டிருந்தார். பாதிப் படத்தில் அவருடைய கட்டைவிரல்தான் இருக்கும்.

முதல் பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழை. திருத்தினேன்.

இரண்டாம் பக்கத்தில் பேனா நின்றுவிட்டது.

‘முப்பத்தோர் ஆண்டுகளுக்கு முன், கட்டி முடியாத பதினெட்டு மாடிக் கட்டடம் ஒன்றில், ஆபரேட்டரின் கவனக்குறைவால் லிஃப்ட் கயிறு அறுந்து ஐந்து பேர் இறந்தனர். கயிறு அறுந்தாலும் லிஃப்டைக் கவ்விப் பிடிக்கும் பிரேக்கை இவர் உருவாக்க அந்தத் துயரமே காரணமானது.’

அந்த வேலைக்குப் பொறுப்புப் பொறியாளர் நான். இறந்த ஐவரில் ஆபரேட்டரும் ஒருவர். விசாரணை அறிக்கையும் அவருடைய கவனக்குறைவு என்றுதான் சொன்னது. செத்தவரை எழுப்பிக் கேட்கவா முடியும்?

‘கவனக்குறைவால்’ என்ற சொல்லின் மேல் பேனாவை வைத்தேன். அடித்துவிடலாம். ஏன் என்று கேட்டால்?

யார் எழுதியது என்றேன். செயலர் வாசலைக் காட்டினார். அங்கே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தயங்கி நின்றார். அவரும் இங்கே படித்த பொறியாளராம். விருதுக்கு என் பெயரைப் பரிந்துரைத்தவரும் அவர்தானாம்.

“அந்த ஆபரேட்டரோட பையன் மேடம் நான். அப்பா பண்ண தப்புல அவரோட சேத்து அஞ்சு பேர் போயிட்டாங்க. உங்க பிரேக்கால எத்தனை பேர் பத்திரமா வீடு திரும்பியிருப்பாங்க! அத நெனச்சாதான் எனக்குத் தூக்கமே வருது.”

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் செயலர் காகிதத்தைப் பிடுங்கி அவர் கையில் திணித்து, நேரமாகிவிட்டதென்று எங்கள் இருவரையும் தள்ளாத குறையாக மேடைக்கு அனுப்பினார்.

அவர்தான் வாசித்தார். ‘ஆபரேட்டரின்’ என்ற இடம் வந்தபோது காகிதத்திலிருந்து கண்ணை எடுத்து, ‘என் தந்தையின்’ என்று மாற்றிச் சொன்னார்.

அரங்கம் மொத்தமாக எழுந்து நின்று கைதட்டியது. என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே படமெடுத்தார். அந்தப் படங்களில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

மகனுக்கு அப்படியே அப்பாவின் குரல்.

விபத்து நடந்த அன்று காலை ஏழு மணிக்கு, என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று அந்தக் குரல் கேட்டது: “மேடம், கயிறு ஒரு மாதிரி சத்தம் போடுது. லிஃப்ட நிறுத்திடட்டுமா?”

சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம், ஓட்டுங்கள் என்றேன்.