இன்னொரு தடவை ஊது

"கனவுல நான் ஊத ஊத ஜன்னல் திரையெல்லாம் பாய்மரமா விரிஞ்சு, வீடே மிதக்க ஆரம்பிச்சிடுச்சுங்க" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

"மிதந்தது போதும். எழுந்து இதுல ஊது."

மூச்சளக்கும் குழாயை நீட்டினார் கணவர். பிரேதப் பரிசோதனைக்கு வரும் உடல்களின் நுரையீரல்களில் நாள்பட்ட நோயைத் தேடி ஆராயும் தடயவியல் மருத்துவர்.

ஊதினாள். குழாயின் அளவு முள் சரசரவென்று உச்சிக்கு ஏறியது. அவர் பெருமூச்சு விட்டார். ஒரு வாரமாக இதே கதை.

"மறைக்காம சொல்லுங்க. எனக்கு என்ன வியாதி?"

"உனக்கா? முள் ஏறினா நல்லது. நீ குதிரை மாதிரி இருக்கே."

"அப்புறம் ஏன் முள் ஏற ஏற உங்க முகம் இறங்குது? செத்தவங்களோடவே பழகி, உங்களுக்குப் பொய் சொல்லக்கூட வரலை!"

அவர் குழாயை வாங்கித் தானே ஊதினார். முள் பாதிகூட ஏறவில்லை. இருமல்தான் வந்தது.

"எங்க தொழில்ல முதல்ல கருவியைத்தான் சந்தேகப்படணும். இது கெட்டுப்போயிருக்கும்னு நம்பினேன். அதைச் சோதிக்கத்தான் தினமும் உன்னை ஊதச் சொன்னேன். சரியாத்தான் வேலை செய்யுது."

 ஜன்னல் திரை ஒருமுறை உப்பி, மெல்ல அடங்கியது.

பிறகு குழாயை வாங்கி, பூவின் மேல் ஊதுவதுபோல் ஊதினாள். முள் அசையவே இல்லை.

"பாருங்க" என்றாள். "கெட்டுத்தான் போயிருக்கு."